ஹெட் போய்விட்டது என்று சொன்னால், முதலில் நாசில் செக் தாளைக் கேளுங்கள்

வீட்டில் இங்க்ஜெட் பிரிண்டர் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படித்துவிடுங்கள். ஹெட் என்பது தாளில் மையைத் தெளிக்கும் பாகம். "ஹெட் போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்லியே என்னிடம் ஒரு புதுப் பிரிண்டரின் விலையில் பாதிக்கு மேல் வாங்கிவிட்டார்கள். ஹெட்டை மாற்றவில்லை. மாற்றியதாக பில்லில் எழுதியிருந்த இன்னொரு பாகத்தையும் மாற்றவில்லை. மேசையில் கருப்பு மை வழிந்திராவிட்டால் எனக்கு இது தெரிந்தே இருக்காது.

என்னுடையது டேங்க் வைத்த நான்கு வண்ணப் பிரிண்டர். வீட்டில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். பயிற்சித் தாள், வரைபடம் என்று வாரத்துக்கு நூறு பக்கமாவது ஓடும். நான்கு வருடம் நன்றாக உழைத்தது. அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போனதால் பத்து வாரம் அவருடனேயே தங்க வேண்டியதாயிற்று. கிளம்புகிற அவசரத்தில் பிரிண்டரின் பட்டனை அழுத்தாமல், அது ஏதோ அச்சடித்துக்கொண்டிருந்தபோதே சுவரிலிருந்த சுவிட்சை அணைத்துவிட்டேன்.

திரும்பி வந்து ஒரு பக்கம் அடித்தால் எழுத்து பாதிப் பாதியாக வந்தது. உடனே ஹெட் கிளீனிங் கொடுத்தேன். சரியாகவில்லை. மறுபடி கொடுத்தேன். அன்று மாலைக்குள் எட்டு தடவை. ஒவ்வொரு தடவையும் டேங்கில் மை இறங்கியது, அச்சு மட்டும் தேறவில்லை. ஐந்தாவது தடவைக்குப் பிறகு, முன்பு நன்றாக வந்துகொண்டிருந்த மஞ்சளிலும் இடைவெளி விழ ஆரம்பித்தது. எட்டாவது முடிந்ததும், மை உறிஞ்சும் பேட் நிறைந்துவிட்டது, சர்வீஸுக்குக் கொண்டுபோகவும் என்ற அறிவிப்பு வந்து பிரிண்டர் நின்றே போனது.

சர்வீஸ் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். அங்கிருந்தவர் மூடியைத் திறந்து பார்த்தார், டார்ச் அடித்தார், மூடினார். இரண்டு நிமிடம்கூட ஆகியிருக்காது. "ஹெட் போயிடுச்சு. பேடும் ஃபுல். ரெண்டையும் மாத்தினாதான் ஓடும்" என்றார். சுத்தம் செய்து பார்க்க முடியாதா என்று கேட்டேன். "காஞ்சுபோன ஹெட் கிளீன் பண்ணா நிக்காது, நாளைக்கே திரும்பி வருவீங்க" என்றார். அவர் சொன்ன தோரணையில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. சரி என்று சொல்லிவிட்டேன்.

நான்கு நாள் கழித்து வாங்கப் போனபோது, ஒரு பக்கம் அடித்துக் காட்டினார். பளிச்சென்று வந்தது. பில்லில் மூன்று வரி: புது ஹெட், புது பேட், சர்வீஸ் கூலி. பாதிக்குக் கீழே இருந்த டேங்க் நான்கும் நிறைந்திருந்தன. "இங்க் நம்ம கணக்குல" என்றார். அன்று அதை நல்ல மனசு என்றே நினைத்தேன்.

மூன்று வாரம் ஓடியது. ஒரு நாள் காலையில் பிரிண்டருக்கு அடியில் வலது பின் மூலையில் கருப்பாக ஈரம். துடைத்தால் மறுநாளும் வந்தது. பிரிண்டரை நகர்த்திப் பின்பக்கம் பார்த்தேன். என் மாடலில் பேட் இருக்கும் பெட்டியை ஒரே ஒரு திருகாணிதான் பிடித்திருக்கிறது. கழற்றி இழுத்ததும் மை சொட்டியது. உள்ளே இருந்த பஞ்சு கீழ்வரைக்கும் ஊறி, மேலே பழைய மை ஏடு ஏடாகக் காய்ந்து கட்டி பிடித்திருந்தது. மூன்று வாரத்தில் எந்தப் பஞ்சும் அப்படி ஆகாது. நான்கு வருடத்துப் பஞ்சு அது.

அப்போதுதான் ஹெட் மேல் சந்தேகம் வந்தது. அதற்கு என்னிடம் ஒரு சாட்சி இருந்தது. நாசில் செக் என்று பிரிண்டரிலேயே ஒரு சோதனை உண்டல்லவா, ஒவ்வொரு நிறத்துக்கும் படிக்கட்டு மாதிரி சின்னச் சின்னக் கோடுகள் விழும் தாள், அதை எப்போது எடுத்தாலும் தேதி எழுதி ஒரு ஃபைலில் போட்டுவிடுவது என் பழக்கம். ஒவ்வொரு குட்டிக் கோடும் ஒரு துளையிலிருந்து வருகிறது. கோடு விழவில்லை என்றால் அந்தத் துளை மை விடவில்லை என்று அர்த்தம். கடையில் கொடுப்பதற்கு முன் எடுத்த தாளையும் அன்று புதிதாக எடுத்த தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தேன். கருப்பிலும் சயானிலும் இருந்த பெரிய இடைவெளிகள் எல்லாம் மறைந்திருந்தன. ஆனால் மெஜந்தாவில் மேலிருந்து இரண்டாவது படியில் ஒரே ஒரு கோடு மட்டும் இரண்டு தாளிலும் இல்லை. ஃபைலைப் புரட்டி ஒரு வருடத்துக்கு முந்தைய தாளை எடுத்தேன். அதிலும் அதே படி, அதே கோடு இல்லை. புது ஹெட்டில் நூற்றுக்கணக்கான துளைகளில் சரியாக அந்த ஒன்று மட்டும் செத்திருக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா?

மூன்று தாளையும் பஞ்சையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனேன். முதலில் "புது ஹெட்லயும் அப்படி வரும்" என்றார். பழைய ஹெட் எங்கே என்று கேட்டேன். குப்பையில் போட்டாயிற்று என்றார். ஒரு வருடத்துக்கு முந்தைய தாளைக் காட்டியதும் பேச்சு மாறியது. அடுத்த சர்வீஸை இலவசமாகச் செய்துதருவதாகச் சொன்னார். நான் விடாமல் நின்றேன். பேடுக்கான தொகை மட்டும் திரும்பக் கிடைத்தது. பஞ்சு கையில் இருந்ததால் அதை அவரால் மறுக்க முடியவில்லை. ஹெட்டுக்கான பணம் போனது போனதுதான்.

அவர் உண்மையில் என்ன செய்திருப்பார் என்பதை, அலுவலகப் பிரிண்டர்களைப் பல வருடமாகப் பார்த்துக்கொள்ளும் நண்பர் ஒருவர் பிறகு எனக்கு விளக்கினார். பேடுக்கு உள்ளே அளவு பார்க்கும் கருவி எதுவும் கிடையாது. ஒவ்வொரு கிளீனிங்கிலும் வெளியேறும் மையைப் பிரிண்டர் தோராயமாகக் கணக்கு வைத்துக்கொள்கிறது. அந்தக் கணக்கு எல்லையைத் தொட்டதும் நின்றுவிடுகிறது. கணினியில் ஒரு மென்பொருளை ஓட்டி அதைப் பூஜ்யமாக்கிவிட்டால் பிரிண்டர் மறுபடி ஓடும். பஞ்சு அப்படியே இருக்கும். நான் எட்டு தடவை கிளீனிங் கொடுத்ததுதான் அந்தப் பஞ்சைக் கடைசி எல்லைக்குத் தள்ளியிருக்கிறது. ஆக, "பேட் ரீசெட்" என்று சொன்னால் பஞ்சையும் மாற்றினார்களா, பழையதைக் காட்ட முடியுமா என்று கேளுங்கள். புது மாடல்கள் சிலவற்றில் இதை ஒரு தனிப் பெட்டியாக, நாமே கழற்றி மாட்டும்படி வைத்திருக்கிறார்கள். புதிதாக வாங்குவதாக இருந்தால் அந்த ஒரு வசதியைப் பார்த்து வாங்குங்கள் என்பேன்.

ஹெட்டை அவர் சுத்தம்தான் செய்திருக்கிறார். அதாவது, அது சுத்தம் செய்தால் தேறக்கூடிய ஹெட். அதைச் சொல்லி அதற்கான கூலியை வாங்கியிருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன்.

அடைப்பு எப்படி வருகிறது என்று தெரியாததால்தான் நான் ஏமாந்தேன். மை என்பது பெரும்பாலும் தண்ணீர். அதில் நிறமும், சீக்கிரம் காயாமல் இருக்க கிளிசரின் போன்ற பொருட்களும் கலந்திருக்கும். ஹெட்டின் துளை ஒன்று சுமார் 20 மைக்ரான் இருக்கும், தலைமுடியின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். அதன் வாயில் தண்ணீர் ஆவியானால் மை கெட்டியாகிவிடும். இதைத் தடுக்கத்தான் வேலை முடிந்ததும் ஹெட் வலது ஓரத்துக்குப் போய் ஒரு ரப்பர் மூடியின் மேல் உட்காருகிறது. பிரிண்டரின் பட்டனை அழுத்தி அணைத்தால், ஹெட் அங்கே போய் உட்கார்ந்த பிறகே மின்சாரம் நிற்கும். சுவரில் அணைத்தால் ஹெட் எங்கே நிற்கிறதோ அங்கேயே திறந்த வாயோடு நின்றுவிடும். என் ஹெட் அப்படித்தான் பத்து வாரம் காற்றில் காய்ந்தது.

அந்த ரப்பர் மூடிக்கு இன்னொரு வேலையும் உண்டு. கிளீனிங் கொடுக்கும்போது அடியிலிருக்கும் பம்ப் அந்த மூடி வழியாகத்தான் மையை இழுக்கிறது. மூடியின் விளிம்பில் மை காய்ந்து ஒட்டியிருந்தால் காற்றுப் புகும். அப்போது எத்தனை தடவை கிளீனிங் கொடுத்தாலும் பம்ப் காற்றைத்தான் இழுக்கும். நண்பர் முதலில் பார்ப்பது ஹெட்டை இல்லை, அந்த விளிம்பைத்தான். பஞ்சு உதிராத துணியை டிஸ்டில்டு வாட்டரில் நனைத்து விளிம்பைத் துடைக்கிறார், மூடியின் குழிக்குள் சில சொட்டுகள் விடுகிறார், ஹெட்டை அதன்மேல் உட்காரவைத்து இரவு முழுக்க விட்டுவிடுகிறார். காலையில் ஒரே ஒரு கிளீனிங். பாதி அடைப்புகள் இதிலேயே போய்விடுகின்றன என்பது அவர் அனுபவம். குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலிருக்கும் உப்பு துளையிலேயே தங்கிவிடும்.

கிளீனிங்கைத் தொடர்ந்து கொடுப்பதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மூன்று தடவைக்கு மேல் போகாதீர்கள். மூன்றிலும் சரியாகவில்லை என்றால் அணைத்துவிட்டு அரை நாளாவது காத்திருங்கள். கெட்டியான மை இளகவும், டேங்கிலிருந்து ஹெட்டுக்கு மை வரும் குழாயில் புகுந்த காற்றுக்குமிழி மேலே ஏறவும் நேரம் வேண்டும். எனக்கு மஞ்சள் திடீரென்று கெட்டதற்குக் காரணம் அடைப்பு இல்லை, காற்று. அடைப்பு என்றால் தாளுக்குத் தாள் அதே இடத்தில் கோடு விடுபடும். காற்று என்றால் இடைவெளி இடம் மாறிக்கொண்டே இருக்கும். இந்த வித்தியாசம் தெரிந்திருந்தால் அன்றைக்கே நிறுத்தியிருப்பேன். சில டேங்க் மாடல்களில் பவர் கிளீனிங் என்று ஒன்று உண்டு, குழாயிலிருக்கும் மையையே மொத்தமாக மாற்றிவிடும். டேங்கில் மூன்றில் ஒரு பங்காவது மை இல்லாமல் அதைத் தொடவே கூடாது.

ஹெட்டின் வகையையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எப்சன், பிரதர் பிரிண்டர்களில் பீசோ ஹெட், அதாவது மின்சாரம் பட்டால் வளையும் ஒரு பொருளால் மையைத் தள்ளுகிற வகை. அது பிரிண்டரோடு நிலையாக இருப்பது, விலை அதிகம், அதனால்தான் இந்த ஏமாற்று அங்கே லாபகரமானது. ஹெச்பி, கேனான் இரண்டும் மையைச் சூடாக்கிக் குமிழி எழுப்பித் தள்ளுகிற வகை. இவற்றின் சின்ன வீட்டு மாடல்கள் பலவற்றில் ஹெட் கார்ட்ரிட்ஜிலேயே இருக்கிறது. புது கார்ட்ரிட்ஜ் போட்டாலே புது ஹெட்தான். அந்த மாதிரி பிரிண்டருக்குத் தனியாக ஹெட் மாற்றக் காசு கேட்டால் பிரிண்டரைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

வீடியோ பார்த்துச் சிலர் சிரிஞ்சில் திரவம் ஏற்றி ஹெட்டில் அழுத்துகிறார்கள். பயமாக இருக்கிறது. அழுத்தம் கூடினால் உள்ளே இருக்கும் மெல்லிய அறைகள் சேதமாகும். ஹெட்டுக்குப் போகிற பட்டைக் கேபிளில் ஈரம் பட்டால் ஷார்ட் ஆகி மெயின் போர்டும் சேர்ந்து போகும். அதற்கப்புறம் ஹெட் போய்விட்டது என்று யாராவது சொன்னால் அது உண்மையாகவே இருக்கும்.

கடையில் நிரப்பிக்கொடுத்த மை என்ன மை என்று அவர் கடைசிவரை சொல்லவில்லை. சாயத்தைக் கரைத்துச் செய்யும் டை மையும், நுண்துகள் மிதக்கும் பிக்மென்ட் மையும் வேறு வேறு. தவறானதை ஊற்றினால் உள்ளேயே திரிந்துபோகலாம். எனக்கு இதுவரை அடைக்கவில்லை, ஆனால் வரைபடத்தில் சிவப்பு முன்பைவிட மங்கலாகத்தான் வருகிறது. பிரிண்டரைக் கொடுக்கும் முன் டேங்க் அளவைப் படம் எடுத்து, மையைத் தொடக் கூடாது என்று எழுதி வாங்குங்கள்.

நான் இப்போது செய்வது அதிகமில்லை. பேடை நானே வாங்கி மாற்றிவிட்டேன். வாரம் ஒருமுறை நான்கு நிறமும் பட்டையாக வரும் ஒரு பக்கம், வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும். கருப்பு எழுத்து மட்டும் அடித்துக்கொண்டிருந்தால் மற்ற மூன்றும் காய்ந்துகொண்டுதான் இருக்கும். ஊருக்குப் போனால் பக்கத்து வீட்டுப் பையனிடம் அந்த வண்ணப் பட்டைப் பக்கத்தை அடிக்கச் சொல்லிவிட்டுப் போகிறேன். மாதத்துக்கு நாலைந்து பக்கம், அதுவும் கருப்பு மட்டும் என்று இருப்பவர்கள் லேசருக்கு மாறிவிடுவது நல்லது. டோனர் பொடி என்பதால் காய்வதற்கு ஒன்றுமில்லை.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது நாசில் செக் தாள் ஒன்றை எடுத்து, அவர் கையெழுத்தையும் தேதியையும் அதில் வாங்கிக்கொள்ளுங்கள். பிரிண்டர் நின்றுபோய் அடிக்கவே முடியாது என்றால் கடைசியாக எடுத்த தாள் உதவும். எந்தப் பாகத்தை மாற்றினாலும் பழையதை எனக்கே தர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். திரும்ப வாங்கும்போது படமோ எழுத்தோ அடித்துக் காட்டினால் போதாது, நாசில் செக்கையே அடிக்கச் சொல்லி உங்கள் தாளோடு கோடு கோடாக ஒப்பிடுங்கள்.

இன்று காலை எடுத்த தாளிலும் மெஜந்தாவின் இரண்டாவது படியில் அந்தக் கோடு இல்லை. எழுத்தில் அது தெரிவதில்லை. தேதி எழுதி ஃபைலில் போட்டிருக்கிறேன்.