பந்தயச் சாட்டை: பிரிட்டனா, நார்வேயா?

பிரிட்டனின் குதிரைப் பந்தயத்தில் சாட்டைக்குக் கணக்கு உண்டு. 2023 முதல் தடையில்லா ஓட்டத்தில் 6 முறை அடிக்கலாம், தடை தாண்டும் பந்தயத்தில் 7 முறை. தோளுக்கு மேல் கை உயரக் கூடாது. வரம்பைவிட 4 முறை கூடுதலாக அடித்துவிட்டால் குதிரையின் வெற்றியே பறிபோகும். சாட்டையில் நுரை மெத்தை சுற்றியிருக்கும். வலியைவிடச் சத்தம்தான் பெரிது என்கிறார்கள். சரி, ஆனால் ஈ உட்கார்ந்தாலே தோலைச் சிலிர்க்கும் பிராணி அது.

நார்வே 1980-களிலேயே வேகத்துக்காக அடிப்பதை நிறுத்திவிட்டது. 2009 முதல் தடையில்லா ஓட்டத்தில் சாட்டையைக் கையில் எடுக்கவே அனுமதி இல்லை. இரண்டு வயதுக் குதிரைகளுக்கு மட்டும், பாதுகாப்புக்காக விலக்கு. அங்கேயும் பந்தயம் நடக்கிறது, குதிரைகளும் பாய்ந்துதான் ஓடுகின்றன. பிரிட்டனின் தண்டனை கடுமைதான். ஆனால் அடி விழுந்த பிறகுதானே அது வருகிறது? என் ஓட்டு நார்வேக்கு.