பழைய அம்புலிமாமா பைண்டிங்கா, புது படப்புத்தகமா?

ராத்திரி பாப்பாவுக்கு எதை எடுத்து படிக்கறதுன்னு எங்க வீட்ல பஞ்சாயத்துதான். அவ அப்புச்சி (அம்மா வழி தாத்தா) அம்மாபேட்டை வீட்டு பரண்ல இருந்து அம்புலிமாமா பைண்டிங் கொண்டாந்து குடுத்திருக்காரு, 1947ல ஆரம்பிச்ச பத்திரிகை, இப்ப வர்றதில்லைங்கறதால அதை யாரும் தொட்டாலே பதறுவாரு. சங்கர் வரைஞ்ச வேதாளம் படத்துக்காகவே வச்சிருக்கலாங்க, விக்கிரமன் தோள்ல பொணம் தொங்குறதைப் பாத்துட்டு போர்வைக்குள்ள பூந்துக்கிட்டு "இன்னொருக்கா காட்டு"ங்கறா. ஆனா எழுத்து பொடிசு, சாபம், மந்திரி, தவம்னு வர்றதால ஒண்ணாவது படிக்கிற புள்ளைக்கு யாராச்சும் பக்கத்துல உக்காந்து சொல்லித்தான் ஆகணும். அப்புச்சிக்கு அது புடிச்ச வேலைதான்னு வைங்க.

படப்புத்தகம் வேற கணக்கு. தூலிகா, பிரதம் புக்ஸ் மாதிரி பதிப்பகத்துக்காரங்க போடறது, பக்கத்துக்கு ரெண்டு மூணு வரி, பெரிய எழுத்து, விரல் வச்சு எழுத்துக்கூட்டி அவளே படிச்சுடுவா. பிரதமோட ஸ்டோரிவீவர் சைட்ல தமிழ் கதைங்க ஃப்ரீயாவே இருக்கு (ஏற்காடு பஸ்ல மட்டும் போனைக் குடுத்துடாதீங்க, 20 கொண்டை ஊசி வளைவு, வாந்திதான்). குறைன்னா, அஞ்சு நிமிஷத்துல கதை முடிஞ்சு "அடுத்தது"ம்பா.

தானா படிக்கப் பழகணும்னா என் ஓட்டு படப்புத்தகத்துக்குத்தான். பக்கத்து வீட்டு புள்ளைங்களுக்கு இரவல் குடுக்கவும் அதான் தோது, பைண்டிங்கைக் குடுத்தா அப்புச்சி என்னை உண்டு இல்லைன்னு பண்ணிடுவாரு.