குறைவாக ஓடியதுதான் கோளாறு: டீசல் எஸ்யூவியுடன் ஐந்து ஆண்டுகள்

போன மாதம் என் எஸ்யூவி ஒரே கோளாறுக்காக நான்காவது முறையாகப் பணிமனைக்குப் போய்த் திரும்பியது. அதே வாரத்தில், அலுவலகத்தில் உடன் வேலை செய்யும் தம்பி ஒருவர், "விலையெல்லாம் குறைஞ்சிருக்குதுங்களே அண்ணா, டீசல் எடுக்கலாங்களா, பெட்ரோல் எடுக்கலாங்களா?" என்று கேட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி மாறியதில், 28 சதவீத வரியும் செஸ் எனப்படும் கூடுதல் வரி 17 சதவீதமுமாக 45 சதவீதம் இருந்த 1.5 லிட்டர் நடுத்தர எஸ்யூவிகளின் வரி 40 சதவீதமாக இறங்கியிருக்கிறது. மிச்சமாகும் பணத்தில் டீசலுக்கே போய்விடலாம் என்பது அவர் கணக்கு. கோபத்தில் இருக்கும்போது ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லிவிடக் கூடாது என்று இரண்டு வாரம் பொறுத்திருந்து இதை எழுதுகிறேன்.

என்னுடையது 2020 டிசம்பரில் வாங்கிய 1.5 லிட்டர் டீசல், மேனுவல் கியர். நிறுவனத்தின் பெயரை எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் பிரச்சினை 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற வாகனப் புகைக் கட்டுப்பாட்டு விதி நடைமுறைக்கு வந்த பிறகு விற்பனையான டீசல் கார்கள் அனைத்துக்கும் பொதுவான ஒரு பாகத்தைப் பற்றியது. பெயரைச் சொன்னால் படிப்பவர்கள் அந்த ஒரு வண்டியை மட்டும் தவிர்த்துவிட்டு, அதே பாகம் உள்ள இன்னொன்றை நிம்மதியாக வாங்கிவிடுவார்கள். கோவையில் வீட்டிலிருந்து அலுவலகம் 7 கிலோமீட்டர், நடுவே மகளின் பள்ளிக்கூடம். ஐந்து ஆண்டுகளில் வண்டி ஓடியிருப்பது 52,000 கிலோமீட்டர்தான். இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பாகம் டிபிஎஃப் எனப்படும் கரித்துகள் வடிகட்டி. எஞ்சினிலிருந்து வரும் புகையில் உள்ள கரியை அது தன் நுண்ணிய துளைச் சுவர்களில் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடித்த கரியை அவ்வப்போது எரித்து வாயுவாக வெளியேற்றினால்தான் அடுத்ததைப் பிடிக்க இடம் கிடைக்கும். நெடுஞ்சாலையில் நிலையான வேகத்தில் போகும்போது புகைக்குழாய் சூடாகவே இருப்பதால் கரியில் ஒரு பகுதி தானாகவே கழிந்துவிடுகிறது. நகரத்துக்குள் அந்தச் சூடு வருவதில்லை. அதனால் கரி ஓர் அளவைத் தாண்டியதும் எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினி கூடுதல் டீசலைச் செலுத்தி, வடிகட்டிக்குள் சுமார் 600 டிகிரி வெப்பத்தை உண்டாக்கி எரிக்கத் தொடங்குகிறது. அந்த வேலை முடிய பதினைந்து, இருபது நிமிட ஓட்டம் தேவை. என் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் பதினோரு நிமிடம்.

எரிப்பு நடக்கிறது என்று பல வண்டிகள் ஓட்டுநருக்குத் தெரிவிப்பதில்லை. என் வண்டியும் அப்படித்தான். நாமாகப் பழகித்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது. நிற்கும்போது எஞ்சின் சுற்று வழக்கத்தைவிடச் சற்று உயர்ந்திருக்கும், மைலேஜ் காட்டும் எண் திடீரென்று சரியும், சாவியை அணைத்த பின்னும் ரேடியேட்டர் விசிறி பெருஞ்சத்தத்துடன் ஓடிக்கொண்டிருக்கும், முன்பக்கத்திலிருந்து சூடேறிய இரும்பு வாடை வரும். முதல் இரண்டு ஆண்டுகள் இந்த விசிறிச் சத்தத்தை ஏசி தொடர்பானது என்று நினைத்து, பள்ளி வாசலில் எத்தனையோ முறை எரிப்பின் நடுவிலேயே எஞ்சினை அணைத்திருக்கிறேன். பாதியில் நின்ற எரிப்பு அடுத்த நாள் மீண்டும் தொடங்கும், மீண்டும் பாதியில் நிற்கும். கடைசியில் மஞ்சள் விளக்கு எரியும். அதையும் கவனிக்காமல் விட்டால் எஞ்சின் தன் சக்தியைக் குறைத்துக்கொண்டு, வண்டியை இழுக்கவே திணறும்.

முதல் முறை விளக்கு எரிந்தபோது சர்வீஸ் அட்வைசர் சொன்னது: "ஹைவேல ஒரு ஓட்டு ஓட்டிட்டு வாங்க சார், சரியாயிரும்." ஓட்டினேன். நீலாம்பூரில் ஏறி, நான்காவது கியரில் சுற்றைக் குறையவிடாமல் செங்கப்பள்ளி வரை போய், விஜயமங்கலம் சுங்கச்சாவடிக்கு முன்பே திரும்பி வந்தேன், விளக்கு அணைந்தது. அது உண்மையான மருந்துதான், மறுக்கவில்லை. ஆனால் வண்டியை விற்ற நாளில் ஒருவர்கூட "தினம் எவ்வளவு தூரம் ஓட்டுவீங்க?" என்று என்னிடம் கேட்கவில்லையே! சன்ரூஃப் வேண்டுமா, இரட்டை நிறம் வேண்டுமா என்று அரை மணி நேரம் கேட்டவர்கள், இந்த ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் நான் பெட்ரோல் வாங்கியிருப்பேன். ஐந்து ஆண்டுகளாகத் தீராத என் கோபம் இதுதான்.

மூன்றாவது முறை இதைவிடப் பெரிய பாடம் கிடைத்தது. சர்வீஸ் முடிந்து ஏழு மாதம்தான் ஆகியிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பானெட்டைத் திறந்து, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஆயில் அளக்கும் கம்பியை உருவி, காட்டன் வேஸ்ட்டில் துடைத்து, மறுபடி இறக்கி எடுத்தேன். ஆயில் மேல்கோட்டைத் தாண்டி ஒரு விரற்கடை ஏறியிருந்தது. நான் ஒரு சொட்டு ஆயில்கூட ஊற்றவில்லை. விரல் நுனியில் தொட்டுத் தேய்த்தால் பிசுபிசுப்பு குறைந்து நீர்த்திருந்தது. முகர்ந்தால் டீசல் வாடை. வடிகட்டியைச் சூடாக்குவதற்காகத் தாமதமாகச் செலுத்தப்படும் டீசலில், எரியாத பகுதி சிலிண்டர் சுவர் வழியே வழிந்து ஆயிலில் கலந்துவிடுகிறது. எரிப்பு எத்தனை முறை பாதியில் நிற்கிறதோ அத்தனை முறை இந்தக் கலப்பும் கூடும். நீர்த்த ஆயிலில், எஞ்சினுக்குள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போவும் பேரிங்குகளும் எவ்வளவு காலம் தாங்கும்? அன்றிலிருந்து 10,000 கிலோமீட்டருக்குக் காத்திராமல் ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஆயில் மாற்றுகிறேன். அதுவும் கையேட்டில் சொல்லப்பட்ட, சாம்பல் குறைவான ஆயில் மட்டுமே. ஆயிலில் சேர்க்கப்படும் உலோகச் சேர்மங்களின் சாம்பல் வடிகட்டியில் தங்கிவிட்டால் எந்த வெப்பத்தாலும் அதை எரிக்க முடியாது.

என் மைத்துனர் இதே வண்டியை, இதே எஞ்சினோடு, எனக்கு இரண்டு மாதம் கழித்து வாங்கினார். தொழில் நிமித்தமாகப் பெரும்பாலான வாரங்களில் கோவையிலிருந்து பெங்களூரு போய் வருபவர். அவர் வண்டி 1,40,000 கிலோமீட்டர் தாண்டிவிட்டது. அந்த மஞ்சள் விளக்கை அவர் ஒரு முறைகூடப் பார்த்ததில்லை, ஆயிலும் ஏறியதில்லை. நீண்டகால நம்பகத்தன்மை என்று நாம் பேசும்போது எந்த நிறுவனம், எந்த நாட்டு எஞ்சின் என்றே பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரே வண்டி இரண்டு வீட்டில் இரண்டு விதமாக வயதாவதைக் கண்ட பிறகு அந்தப் பேச்சில் எனக்குப் பாதி நம்பிக்கை போய்விட்டது. அண்ணனிடம் உள்ள பிஎஸ்-4 காலத்து டீசலில் இந்த வடிகட்டியே இல்லை. அது நகரத்துக்குள்ளேயே பத்து ஆண்டுகள் ஓடி, கிளட்ச் ஒரு முறை மாற்றியதோடு சரி. "டீசல்னா இரும்பு மாதிரி" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அந்த வண்டிகளைப் பார்த்துத்தான்.

பழைய வண்டி வாங்குகிறவர்கள் இங்கே தயவுசெய்து ஒரு நிமிடம் நிற்க வேண்டும். "சிங்கிள் ஓனர், கம்மியா ஓடின வண்டி" என்பது சந்தையில் பெரிய தகுதி. பிஎஸ்-6 டீசலைப் பொறுத்தவரை அது எச்சரிக்கை. ஐந்து ஆண்டுகளில் 52,000 ஓடிய என் வண்டியையும் 1,40,000 ஓடிய மைத்துனர் வண்டியையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தினால் எவரும் என்னுடையதற்கே கூடுதல் விலை தருவார்கள்; எஞ்சினுக்குள் நிலைமை நேர் எதிர். வாங்குமுன் வண்டியின் கணினியில் உள்ளதைப் படித்துக் காட்டும் ஸ்கேனரை மாட்டி, வடிகட்டியில் கரி எவ்வளவு, கடைசி எரிப்பு நடந்து எத்தனை கிலோமீட்டர் ஆயிற்று என்று பாருங்கள். ஆயில் கம்பியை உருவி முகர்ந்தும் பாருங்கள்.

நான்காவது முறை நெடுஞ்சாலை ஓட்டம் போதவில்லை. பணிமனையில் கணினி வழியாகக் கட்டாய எரிப்பு செய்தும் அளவு இறங்காமல், வடிகட்டியைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதாயிற்று. மொத்தம் 21,000 ரூபாய். புதிதாக மாற்றினால் லட்சத்தைத் தாண்டும் என்றார்கள். வெளியே ஒரு கடையில், வடிகட்டியையே எடுத்துவிட்டு மென்பொருளை மாற்றித் தருகிறேன், இனி தொல்லையே இருக்காது என்றார்கள். அது விதிமீறல், மேலும் அந்தக் கரியெல்லாம் நான் தினமும் மகளை இறக்கிவிடும் பள்ளி வாசலில்தான் போய் விழும். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மற்றபடி இந்த வண்டியைக் குறை சொன்னால் நாக்கு கூசும். ஐந்து ஆண்டுகளில் முன்பக்க லிங்க் ராடு, ஒரு பேட்டரி, பிரேக் பேடு தவிர எதையும் மாற்றவில்லை. கிளட்ச் பழையதுதான். ஏசி சித்திரை வெயிலிலும் ஐந்து நிமிடத்தில் குளிர்விக்கும். ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இரண்டு முழங்காலிலும் தேய்மானம். முன்பிருந்த செடான் காரில் அவர் உட்காருவது விழுவதைப் போல இருக்கும். எழுவதற்கு இரண்டு பேர் வேண்டும். இதில் பின்கதவு அகலமாகத் திறக்கிறது, இருக்கை சரியாக அவருடைய இடுப்பு உயரத்தில் இருக்கிறது. முதுகைக் காட்டி நின்று, அப்படியே பின்னால் உட்கார்ந்து, மேல்கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கால்களை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துக்கொள்கிறார். யாரும் கை கொடுக்க வேண்டியதில்லை, கொடுத்தாலும் தட்டிவிடுகிறார். இந்தச் சுகத்துக்காகவே நடுத்தர எஸ்யூவி வாங்கலாம் என்பேன். ஆனால் அதற்கு எந்த எஞ்சினும் காரணமில்லை. பெட்ரோல் வண்டியிலும் அதே கதவு, அதே இருக்கை.

என் முடிவு: இவ்வளவு நல்லது சொன்ன பிறகும், இந்த டீசலை நான் மறுபடி வாங்கமாட்டேன். விலை ஒரு லட்சம் குறைந்தாலும் மாட்டேன். நகரத்துக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு டர்போ இல்லாத சாதாரண 1.5 லிட்டர் பெட்ரோல் போதும். கெட்டுப்போகும் பாகங்களே அதில் குறைவு. டர்போ பெட்ரோலில் ஆயிலில் நனையாத உலர் வகை இரட்டைக் கிளட்ச் ஆட்டோமேட்டிக் கியர் வருமானால், நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து போகும்போது அது சூடாகும் தன்மையுடையது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். செலவு செய்ய முடிந்தால் 2022இல் வந்த கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் போன்ற, பெட்ரோல் எஞ்சினோடு மின்மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் ஸ்ட்ராங் ஹைபிரிட்களைப் பார்க்கலாம். அவற்றின் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் உத்தரவாதம் இருக்கிறது.

தம்பியிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். இப்போது வைத்திருக்கும் சின்ன காரில், எஞ்சினை அணைக்காமல் இருபத்தைந்து நிமிடம் தொடர்ந்து, சிக்னலில் நின்று நின்று போகாமல் ஓடும் நாட்களைப் பதினான்கு நாளுக்குக் குறித்துக்கொண்டு வரச் சொன்னேன். நேற்று தாளைக் கொண்டுவந்து காட்டினார். ஒரே ஒரு நாள். அவிநாசி கோயிலுக்குப் போன நாள். பெட்ரோலுக்கே முன்பணம் கட்டச் சொல்லிவிட்டேன்.