பூஜ்யத்துக்கு மடக்கு, முனைகளுக்கு டிஜிட்டல்: ஹெலி பிட்ச் அளக்க எது சரி?

ஆர்சி (ரிமோட்டில் பறக்கும்) ஹெலிகாப்டர் வாங்கியவர்கள் அடுத்துக் கேட்பது, பிளேடின் சாய்வுக் கோணமான பிட்ச்சை அளக்க எந்த பிட்ச் கேஜ் வாங்கலாம் என்பதுதான். கடலூர், புதுச்சேரிப் பக்கம் இருப்பவர்கள் பெரும்பாலும் கூரியரில்தான் வரவழைக்க வேண்டியிருக்கும் என்பதால் யோசித்து வாங்குவது நல்லது. போட்டியில் இருப்பவை மூன்று: கோடு போட்ட பிளாஸ்டிக் கேஜ், எண் காட்டும் டிஜிட்டல் கேஜ், கேஜே இல்லாமல் பிளேடை மடக்கிப் பார்க்கும் வழி. பூஜ்யம் பிடிக்க, அதாவது ஸ்டிக் நடுவில் இருக்கும்போது பிட்ச்சைப் பூஜ்யமாக்க, எந்தக் கேஜும் வேண்டாம் என்பது என் கட்சி. கேஜ் தேவைப்படுவது ஸ்டிக்கை முழுக்க மேலேயும் கீழேயும் தள்ளும்போது வரும் பிட்ச் அளவுகளுக்கு, அதாவது மேல் முனைக்கும் கீழ் முனைக்கும்தான்.

எந்த வழியில் போனாலும் முதலில் மோட்டாரின் மூன்று வயரையும் ஸ்பீடு கன்ட்ரோலரிலிருந்து கழற்றிவிடுங்கள். த்ராட்டில் ஹோல்டு (மோட்டாரை ஓடவிடாத சுவிட்ச்) போட்டிருக்கிறேனே என்று சமாதானம் சொல்லிக்கொள்ள வேண்டாம். பிளேடு கையில் இருக்கும் நேரத்தில் சுவிட்சை நம்பக் கூடாது.

பிளாஸ்டிக் கேஜ் ஃபிளைபார் (பிளேடுகளுக்குக் குறுக்காக நின்று ஹெலியை நிலைப்படுத்தும் கம்பி) காலத்துச் சாமான். பிளேடில் மாட்டி, கேஜின் மேல் விளிம்பும் ஃபிளைபாரும் ஒன்றுக்கொன்று இணையாகத் தெரியும் வரை நகர்த்தி, கோட்டைப் படிக்க வேண்டும். ஃபிளைபார் இருக்கும் ஹெலியில் இது இன்றும் நன்றாகவே வேலை செய்கிறது. மேசை சாய்ந்திருந்தாலும் கவலை இல்லை, ஏனென்றால் ஒப்பிடுவது தரையோடு அல்ல, ஃபிளைபாரோடு. ஃபிளைபார் இல்லாத ஹெட் (பிளேடுகளைத் தாங்கும் தலைப்பகுதி) வந்த பிறகு அந்தப் பிடிமானம் போய்விட்டது. ஹெட்டின் மேல் ஒரு கம்பியை வைத்துக் கண்ணால் இணை பார்க்கிறார்கள். தலையைக் கொஞ்சம் சாய்த்தால் அரை டிகிரி இந்தப் பக்கம், இன்னும் கொஞ்சம் சாய்த்தால் அந்தப் பக்கம். இப்போது புதிதாக வாங்குபவருக்கு இதை நான் சொல்ல மாட்டேன். ஏற்கெனவே பெட்டியில் கிடந்தால் தூக்கிப் போடவும் வேண்டாம்.

டிஜிட்டல் கேஜ் 0.1 டிகிரி வரை எண் காட்டும். அதைப் பார்த்ததும் நம்பத் தோன்றும். ஆனால் அது அளப்பது பிளேடுக்கும் ஹெட்டுக்கும் உள்ள கோணத்தை அல்ல. பிளேடு புவியீர்ப்புக்கு எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்பதைத்தான். மெயின் ஷாஃப்ட் செங்குத்தாக நின்றால் இரண்டும் ஒன்றே. ஆனால் நம் வீடுகளில் மட்டமான இடம் எங்கே இருக்கிறது? மொட்டை மாடியில் தண்ணீர் ஓடக் கொத்தனார் வாட்டம் விட்டிருப்பார். அங்கே ஹெலியை வைத்து அளந்தால் அந்த வாட்டமும் பிட்ச்சோடு சேர்ந்து எண்ணில் ஏறிவிடும்.

ரசமட்டம் வைத்து ஸ்கிட்டுக்கு (ஹெலியின் காலுக்கு) அடியில் அட்டை சொருகலாம். அதை விடச் சுலபமான வழி ஒன்று உண்டு. பிளேடு பின்பக்கம் வாலை நோக்கி இருக்கும்போது ஒருமுறை படியுங்கள். ஹெட்டை அரைச் சுற்று திருப்பி, அதே பிளேடு முன்பக்கம் நோக்கி இருக்கும்போது மறுபடி படியுங்கள். ஷாஃப்ட் பக்கவாட்டில் ஒரு டிகிரி சாய்ந்திருந்தால் ஒரு வாசிப்பில் அது கூடும், மறு வாசிப்பில் அதே அளவு குறையும். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் சாய்வு கழிந்து உண்மையான பிட்ச் கிடைக்கும். 11.8-ம் 10.2-ம் வந்தால் பிட்ச் 11, சாய்வு 0.8. ஸ்வாஷ் பிளேட் (சர்வோ அசைவைப் பிளேடுகளுக்குக் கடத்தும் வட்டத் தட்டு) ஷாஃப்டுக்குச் செங்கோணமாக இருந்தால்தான் இந்தக் கணக்கு செல்லும், அதை முதலில் லெவலர் என்ற கருவி போட்டுச் சரிபார்த்துவிட வேண்டும்.

டிஜிட்டலின் இன்னொரு தொல்லை அதன் கனம். 450 அளவு ஹெலியில் 325 மில்லிமீட்டர் பிளேடு. அதன் முனையில் கேஜை மாட்டினால் பிளேடு தொங்கும். பிளேடைத் திருப்பும் இணைப்புக் கம்பியான லிங்கில் கொஞ்சம் ஆட்டம் இருந்தால் முறுக்கவும் செய்யும். அதனால் முனையில் இல்லாமல் ஹெட்டை ஒட்டிய வேர்ப்பக்கம், கனம் ஒரே பக்கம் இழுக்காதபடி மாட்டுங்கள். மின்விசிறியையும் நிறுத்திவிடுங்கள், இல்லாவிட்டால் கடைசி எண் குதித்துக்கொண்டே இருக்கும். கடலூர் சித்திரை வெயிலில் இது சின்ன தியாகம் இல்லை. போனை ரப்பர் பேண்டால் பிளேடில் கட்டி ஆப்பில் கோணம் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள். பிளேடை விடப் பல மடங்கு கனமான போன் எந்தக் கோணத்தைக் காட்டும் என்று எனக்குப் புரியவில்லை.

மடக்கும் வழிக்கு வருவோம். கலெக்டிவ் ஸ்டிக்கை (இரண்டு பிளேடின் பிட்ச்சையும் ஒன்றாக மாற்றும் குச்சியை) நடுவில் வைத்து, ஹெட்டை வாலுக்குக் குறுக்காகத் திருப்பி, இரண்டு பிளேடையும் பின்னால் மடக்கி டெயில் பூமின் (வால் குழாயின்) இரு பக்கமும் கொண்டுவாருங்கள். பிட்ச் பூஜ்யமாக இருந்தால் இரண்டு முனையும் ஒரே உயரத்தில் நிற்கும். இல்லாவிட்டால் ஒன்று ஏறும், மற்றது இறங்கும். காரணம், பிட்ச் கொடுத்தால் பிளேடு போல்ட்டே சாய்கிறது. இரண்டு பக்கமும் எதிரெதிர் திசையில் சாய்கிறது. 325 மில்லிமீட்டர் பிளேடில் ஒரு டிகிரி என்பது முனையில் சுமார் 5.7 மில்லிமீட்டர். ஒன்று மேலே, ஒன்று கீழே என்பதால் இடைவெளி 11 மில்லிமீட்டரைத் தாண்டும். கால் டிகிரி பிசகு கூடக் கிட்டத்தட்ட மூன்று மில்லிமீட்டராகக் கண்ணுக்குத் தெரியும். காசு கொடுத்து வாங்கிய கேஜ் எதிலும் பூஜ்யம் இவ்வளவு பெரிதாகத் தெரியாது.

இதிலும் ஒரு ஏமாற்று உண்டு. ஒரு பிளேடில் கூட்டல் ஒரு டிகிரி, இன்னொன்றில் கழித்தல் ஒரு டிகிரி இருந்தால் இரண்டு முனையும் சமமாகவே நிற்கும். அதனால் முனைகளை ஒன்றோடொன்று பார்த்தால் மட்டும் போதாது, பூமோடும் பாருங்கள். ஹெட்டை அரைச் சுற்று திருப்பி மறுபடி மடக்குங்கள். முதலில் இரண்டும் பூமுக்கு மேலே தூக்கி, இப்போது இரண்டும் கீழே இறங்கியிருந்தால் உங்கள் இரண்டு லிங்குகளும் ஒரே நீளத்தில் இல்லை என்று அர்த்தம்.

ஆனால் மடக்கும் வழி பூஜ்யத்தோடு நின்றுவிடும். ஸ்டிக்கை மேலே தள்ளினால் 9 டிகிரியா 13 டிகிரியா என்று அது சொல்லாது. அங்கேதான் டிஜிட்டல் கேஜ் தன் காசுக்கு உழைக்கிறது. தலைகீழாகவும் வித்தை காட்டியும் 3டி பறப்பவர்கள் பொதுவாக இரு பக்கமும் 11, 12 டிகிரி வைப்பார்கள். ஹோவர் 5, 6 டிகிரியில் வரும். ஃபிளைபார் இல்லாத ஹெலியை நிலைப்படுத்தும் எலக்ட்ரானிக் கன்ட்ரோலரும் (ஸ்பீடு கன்ட்ரோலர் வேறு) ஒரு குறிப்பிட்ட சைக்ளிக் கோணத்தை, அதாவது ஹெலியைச் சாய்க்கப் பிளேடு மாறும் அளவை, கேட்கும். மைக்ரோபீஸ்ட் என்ற கன்ட்ரோலர் கேட்பது 6 டிகிரி. அதை உத்தேசமாக வைத்தால் ஹெலி மந்தமாகவோ துடிப்பாகவோ போய், கெயினை (கன்ட்ரோலரின் உணர்திறன் அளவை) திருகித் திருகி மாளாது.

அளந்தாயிற்று, எங்கே திருத்துவது? லிங்கிலா, டிரான்ஸ்மிட்டரிலா? இதில் எனக்குச் சந்தேகமே இல்லை: பூஜ்யம் இரும்பில், முனைகள் டிரான்ஸ்மிட்டரிலோ கன்ட்ரோலரிலோ. சர்வோ (ஸ்வாஷ் பிளேட்டை அசைக்கும் சின்ன மோட்டார்) ஆர்ம் செங்கோணத்தில் நிற்காமல் சப் டிரிம்மை (சர்வோவின் நடுநிலையை டிரான்ஸ்மிட்டரில் நகர்த்தும் அமைப்பை) கொட்டி ஒப்பேற்றினால், மேலே போகும்போது ஒரு அளவும் கீழே போகும்போது வேறு அளவும் நகரும். 25 பல் சர்வோவில் ஆர்மை ஒரு பல் தள்ளினால் 14.4 டிகிரி மாறும், ரொம்ப அதிகம். நாலு கை உள்ள ஆர்மாக இருந்தால் ஒவ்வொரு கையாக மாட்டிப் பாருங்கள். 25 நாலால் வகுபடாததால் ஒவ்வொரு கையும் கால் பல் விலகி நிற்கும், 3.6 டிகிரி படிகளில் தேர்ந்தெடுக்கலாம். மிச்சத்துக்கு மட்டும் சப் டிரிம்.

லிங்கில் எம்2 திருகு என்றால் ஒரு சுற்றுக்கு 0.4 மில்லிமீட்டர். பிளேடைப் பிடித்திருக்கும் கிரிப்பின் கை 20 மில்லிமீட்டர் நீளமாக இருந்தால் அது ஒரு டிகிரிக்குச் சற்று மேல். கடல் உப்பு ஏறிய இந்த ஊர்களில் லிங்க் பந்துகளின் ஆட்டத்தையும் அப்போதே கையால் அசைத்துப் பார்த்துவிடுவது நல்லது. ஆடும் லிங்கை வைத்துக்கொண்டு 0.1 டிகிரி பேசுவதில் பயனில்லை.

பாகூர்ப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் காலையில் பறக்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். பிற்பகலில் கடல்காற்று ஏறியதும் கீழ் முனை -2 வைத்த புதியவரின் ஹெலி இறங்க மறுத்து மேலேயே மிதக்கும். அதற்காக லிங்கைத் தொடாதீர்கள். டிரான்ஸ்மிட்டரில் நார்மல் மோடின் பிட்ச் கர்வில் (ஸ்டிக் நிலைக்கு எவ்வளவு பிட்ச் என்ற வரைபடத்தில்) கீழ்ப் புள்ளியை -4, -5 வரை இறக்கினால் போதும், பூஜ்யம் வைத்த இடத்திலேயே இருக்கும்.