முந்திரிகைக்குக் குடிலா, பந்தலா?

லண்டனில் இருக்கிற அக்கா வீட்டுப் பின்பக்கம் சின்னக் கண்ணாடிக் குடில் ஒன்று போட்டு முந்திரிகை வளர்க்கிறார். (தமிழ்நாட்டு ஆட்கள் கஜுவை நினைக்க வேண்டாம், எங்களுக்கு முந்திரிகை என்றால் திராட்சைதான்.) "தம்பி, நீயும் ஒன்று போடு, காசு நான் அனுப்புறன்" என்றார். சரியென்று யாழ்ப்பாணத்தில் எங்கள் செம்மண் வளவில் ஒரு கொடியைப் பொலித்தீன் குடிலுக்குள்ளும் இரண்டு கொடியை வெளியே பந்தலிலும் வைத்தேன். மூன்றும் இஸ்ரேல் புளூ என்கிற முந்திரிகை இனம், மூன்றும் ஒரே தாய்க்கொடியில் வெட்டிய தடிகள், மூன்றுக்கும் ஒரே கிணற்றுத் தண்ணீர்.

முதலில் அக்காவின் குடிலைச் சொல்கிறேன், அவர் செய்தது பிழையில்லை. அங்கே பழம் இனிக்கிற அளவுக்கு வெயில் கிடைப்பது கொஞ்ச நாள்தான், கண்ணாடி அந்த வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் 1768இல் நட்ட கொடி இன்றைக்கும் கண்ணாடி வீட்டுக்குள் காய்க்கிறது. குளிருக்கு இலையெல்லாம் கொட்டிக் கொடி தூங்கிவிடும், அந்தத் தூக்கத்திலேயே வெட்டிவிட வேண்டும். பிந்தி வெட்டினால் வெட்டிய இடத்தால் சாறு ஒழுகிக்கொண்டே இருக்கும்.

யாழ்ப்பாணத்தில் கொடி தூங்குவதே இல்லை. வெட்டினால்தான் புதுத் தளிர் வரும், தளிரோடுதான் பூ வரும். ஆக எங்களுக்குக் குளிர்காலம் என்பது கத்தரிக்கோல்தான். வெப்பத்துக்கும் இங்கே குறைவில்லை, அதைப் பிடித்து வைத்து என்ன செய்வது? காண்டாவன (அக்கினி நட்சத்திர) வெயிலில் மத்தியானம் என் குடிலுக்குள் ஐந்து நிமிடம் நிற்க முடியவில்லை, இலை ஓரமெல்லாம் கருகி அப்பளம் மாதிரி நொறுங்கியது. காற்றோட்டம் இல்லாததால் வெள்ளைப் பொடி பூசினதுபோலச் சாம்பல் நோய் வேறு. இதற்கெல்லாம் மேலே நான் யோசிக்காத ஒன்று, மண். எங்கள் கிணற்றுத் தண்ணீர் சுண்ணக்கல்லுக்குள்ளால் வருவது, உப்புக் கரைந்திருக்கும். வெளியே மாரி மழை வருடத்துக்கு ஒருமுறை உப்பைக் கழுவிக் கீழே இறக்கிவிடும். குடிலுக்குள் மழை விழாது, இறைக்க இறைக்க உப்பு மேலே வெள்ளையாகப் படிகிறது.

பந்தலின் கதை வேறு. ஆறேழு அடி உயரம், கொடிக்குக் கொடி பத்தடி, கீழே நிழலில் கதிரை போட்டு இருக்கலாம். தை கடைசியில் வெட்டினால் நாலு மாதத்தில், வைகாசி முடியுமுன் பழம். கொடிக்குக் கொஞ்சம் ஓய்வும் மாட்டெருவும் கொடுத்து ஆனி நடுவில் திரும்ப வெட்டினால் ஐப்பசியில், மாரி இறுகுமுன் இன்னொரு அறுவடை. நாள் பிந்தினால் மழை பூவை உதிர்க்கும், பழத்தை வெடிக்க வைக்கும். கறுத்தவுடனே பறிக்கிற அவசரமும் கூடாது, நிறம் முதலில் வரும், இனிப்பு பிறகுதான் ஏறும், பறித்த பிறகு முந்திரிகை பழுக்காது.

பந்தலுக்கும் தொல்லை உண்டு. பகலில் அணிலும் காகமும், இரவில் வௌவால். வலை போடாவிட்டால் உங்களுக்குக் காம்புதான். மாரியில் இலைக்கு அடியில் வெள்ளைப் பூஞ்சணம் பிடிக்கும், அதற்குப் போர்டோக் கலவை: நூறு கிராம் மயில்துத்தம் (செம்புச் சல்பேற்று), நூறு கிராம் நீற்றின சுண்ணாம்பு, எல்லாமாகப் பத்து லீற்றர் தண்ணீர். இரண்டையும் தனித்தனியாகக் கரைத்துப் பிளாஸ்ரிக் வாளியில் சேருங்கள், இரும்புப் பாத்திரம் வேண்டாம். ஒரு இரும்பு ஆணியைக் கலவைக்குள் விட்டு எடுத்துப் பாருங்கள், செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதாது. அன்றைக்கே அடித்து முடிக்க வேண்டும், நாளைக்கென்று வைக்கக் கூடாது.

மொட்டை மாடியில் தொட்டிக்குள் வைக்கலாமா என்று கேட்கிறார்கள். நிலமே இல்லையென்றால் வையுங்கள், பெரிய பீப்பாவாகப் பார்த்து. கோடையில் ஒரு நாள் தண்ணீர் மறந்தால் கதை முடிந்தது.

என்னைக் கேட்டால் இரண்டு மூன்று கொடிக்கு மேல் வைப்பவருக்குப் பந்தல்தான், பேச்சே இல்லை. ஒரே ஒரு கொடி, மருந்தும் அதிகம் அடிக்க விருப்பமில்லை என்றால் பந்தலுக்கு மேலே மாரிக்கு மட்டும் பொலித்தீன் கூரை, நாலு பக்கமும் திறந்தபடி. இலை நனையாவிட்டால் அந்தப் பூஞ்சணத்துக்கு வேலையில்லை. கூரையால் வழிகிற மழைத் தண்ணீரை வெளியே விடாமல் கொடியின் அடிக்கே திருப்பிவிட்டால் உப்பும் கழுவப்படும்.

போன வருடம் குடிலின் பக்கப் பொலித்தீன் முழுவதையும் கழற்றிவிட்டேன், இப்போது கூரை மட்டும்தான் நிற்கிறது. கருகின கொடி தளிர்த்து, இந்த வைகாசியில் முதன்முதலாக எட்டுக் குலை போட்டது. அக்காவுக்குப் படம் அனுப்பினேன். "நான் காசு அனுப்பினது குடிலுக்கு, நீ மாட்டுக் கொட்டில் அல்லோ கட்டி வைச்சிருக்கிறாய்" என்றார்.