துரு பிடிக்கும் ஊரில் கருவிகள்: செம்பூர் பால்கனிப் பட்டறை அனுபவம்

மும்பையில் வீட்டு வேலைக்குக் கருவி வாங்குகிறவர்கள் எந்தக் கம்பெனி, என்ன விலை, எத்தனை வருட வாரண்டி என்றெல்லாம் விசாரிப்பார்கள். ஜூலை மாதத்தில் அதை எங்கே வைப்பது என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. செம்பூரில் எங்கள் தரைத்தள வீட்டின் கிரில் போட்ட பால்கனிதான் பல வருடமாக எனக்குப் பட்டறை. ஸ்கூட்டர் வேலை, அலமாரி, குழாய், சுவரில் துளை என்று வீட்டில் வருகிற எல்லா வேலையும் அங்கேதான். வேலை செய்து தேய்ந்துபோன கருவி என்னிடம் ஒன்றிரண்டு இருக்கும். சும்மா கிடந்தே கெட்டவை அதைவிட அதிகம். அதனால் இது எந்த ஸ்பேனர் நல்லது என்ற பட்டியல் கிடையாது. வாங்கியதை இந்த ஊர் மழையில் எப்படிக் காப்பாற்றுவது, அதற்காக நான் வாங்கிப் பார்த்த சாமான்களில் எது உழைத்தது, எது ஏமாற்றியது என்ற கதை.

ஜூன் இரண்டாவது வாரத்தில் மழை இறங்கும். செப்டம்பர் முடிவதற்குள், மும்பையின் வானிலை நிலையம் இருக்கிற சாந்தாகுரூஸில் சராசரியாக 2,300 மி.மீ. அளவுக்குக் கொட்டிவிடும். சென்னையில் ஒரு வருடம் முழுக்கப் பெய்வது சுமார் 1,400 மி.மீ. என்பதை நினைத்துக்கொண்டால் வித்தியாசம் புரியும். ஆனால் துருவுக்கு மழை நேராக மேலே விழ வேண்டியதே இல்லை. காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினாலே இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத நீர்ப் படலம் உட்கார்ந்து, துருவின் வேகம் எகிறிவிடும். ஜூலை, ஆகஸ்டில் இங்கே 80க்குக் கீழே இறங்கும் நாள் அபூர்வம். கூடவே கடல் உப்பு. கையால் தொட்டுவிட்டுத் துடைக்காமல் வைத்த ஸ்பேனரில் வியர்வை உப்பும் சேர்ந்து, கைரேகை அப்படியே பழுப்பு நிறத்தில் அச்சாகியிருப்பதை இங்கே பலர் பார்த்திருப்பார்கள்.

முதலில் பெட்டி. ஐந்து தட்டு, இரண்டு பக்கமும் விரிகிற இரும்புப் பெட்டி ஒன்று வைத்திருந்தேன். பார்க்க அவ்வளவு லட்சணம். மூடினால் பாதுகாப்பு என்று நமக்குத் தோன்றும். உண்மையில் ஈரக் காற்றையும் உள்ளேயே வைத்துப் பூட்டுகிறோம். பகலில் பால்கனி சூடாகும், இரவு மழையில் பெட்டியின் தகடு சட்டென்று குளிரும், உள்ளிருக்கும் ஈரம் கருவிகள் மேலேயே வியர்க்கும்.

அந்தப் பெட்டியில் இன்னொரு விநோதமும் நடந்தது. திறந்தாலே ஊறுகாய் ஜாடி திறந்த மாதிரி ஒரு புளித்த வாடை. தேடிப் பார்த்தால், கண்ணாடி போன்ற கைப்பிடி வைத்த பழைய ஸ்க்ரூடிரைவர்கள். அந்த வகைக் கைப்பிடிகள் பெரும்பாலும் செல்லுலோஸ் அசிட்டேட். ஈரமும் சூடும் மாறி மாறிப் பட்டால் அது மெதுவாகச் சிதைந்து அசிட்டிக் அமில ஆவியை விடும். அதாவது வினிகர். கைப்பிடி மேல் வெள்ளையாகப் பொடி பூத்திருக்கும். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவி நிற்கும்போது பக்கத்தில் கிடக்கிற இரும்புக்கு வேறு எதிரி தேவையில்லை. ஸ்க்ரூடிரைவர்களைத் தூக்கிப் போடவில்லை, சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்துத் திறந்த பலகையில் ஆணி அடித்துத் தொங்கவிட்டேன். இன்றும் வேலை செய்கின்றன. பெட்டியை மட்டும் பழைய பேப்பர்காரருக்குக் கொடுத்தாயிற்று.

எண்ணெய் விஷயத்தில் ஆளுக்கு ஒரு கட்சி. டபிள்யூடி-40 இல்லாத வீடு இப்போது குறைவு. 1953இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஏவுகணையின் மேற்பரப்பில் ஈரம் தங்காமல் இருப்பதற்காக உருவாக்கிய சமாச்சாரம் அது. ஜாமான போல்ட்டை விடுவிக்க, நனைந்த பிளக்கை உலர்த்த அதற்கு ஈடில்லை. ஆனால் அது விட்டுவைக்கிற எண்ணெய்ப் படலம் ரொம்ப மெல்லியது. மழைக்காலம் முழுக்க அதை மட்டும் நம்பி ஒரு கருவியைக் கிடத்தி வைக்க முடியாது. எனக்கு நீண்ட நாள் உழைத்தது சாதாரணத் தையல் மெஷின் எண்ணெய். பழைய பனியன் துணியில் நாலு சொட்டு விட்டு, அந்தத் துணியை மூடி போட்ட டப்பாவில் வைத்துவிடுவேன். வேலை முடிந்ததும் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். வருடத்துக்கு ஒருமுறை தொடுகிற சாமானுக்குக் கிரீஸ்தான் சரி, கை அழுக்கானால் ஆகட்டும். ஆளிவிதை எண்ணெயை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது மரத்துக்கு நல்லது, ஆனால் அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப்போட்டுத்தான் எறிய வேண்டும்.

மர ரம்பத்துக்கும் இழைப்புளிக்கும் எண்ணெய் வேண்டாம், மரத்தில் கறை ஏறும். மெழுகுவர்த்தியை அடிப்பக்கத்தில் தேய்த்துவிடுங்கள். துருவும் தள்ளிப்போகும், ரம்பமும் மரத்தில் சிக்காமல் வழுக்கிக்கொண்டு போகும். அரத்துக்கு இரண்டும் கூடாது. எண்ணெய் பட்ட அரத்தின் பல்லில் இரும்புத் தூள் அப்பிக்கொள்ளும். சுண்ணக்கட்டி தேய்த்து, ஒன்றோடொன்று உரசாமல் தனித்தனியாக வைத்தால் போதும்.

தாராவியில் பைக் பட்டறை வைத்திருக்கும் திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் இருக்கிறார். அவர் பட்டறையில் பாதி சாமான் கூரைக்குக் கீழே திறந்தேதான் கிடக்கும், ஆனால் ஒரு ஸ்பேனரிலும் துருப் பொட்டு கிடையாது. எப்படி என்று கேட்டேன். "தெனம் நூறு தடவ எண்ணெக் கையால தொடுதோம்லா தம்பி, பெறகு எப்படித் துருப்பிடிக்கும்? ஒங்க வீட்டுச் சாமான் நாயித்துக்கிழம மட்டுந்தான எந்திரிக்கும்" என்றார். அவர் சொன்னது சரி. நம்மைப் போல பொழுதுபோக்குக்குச் செய்கிறவர்களுக்குத்தான் இந்தத் தொல்லை. தொழில் பட்டறை ஆட்கள் சொல்கிற யோசனையை அப்படியே வீட்டில் செய்தால் பலிக்காததற்கும் அதுதான் காரணம்.

இனி, நான் செலவழித்ததிலேயே அதிகப் பலன் கொடுத்தது: பல்பு. சின்ன மர அலமாரியின் அடித்தட்டில் பழைய மாதிரி இழை போட்ட 15 வாட் பல்பு ஒன்று, மழைக்காலம் முழுக்க எரியும். காரணம் ரொம்ப எளிது. 28 டிகிரியில் 85 சதவீத ஈரப்பதமுள்ள காற்றை, அதில் இருக்கிற நீராவியைத் தொடாமல் 33 டிகிரிக்குச் சூடாக்கினால், ஈரப்பதம் 64 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஐந்தே டிகிரிதான். கருவிகளும் வெளிக்காற்றைவிடக் கொஞ்சம் சூடாகவே இருப்பதால் அவற்றின் மேல் பனி படியாது. கரண்ட் செலவு மாதத்துக்குப் பதினொரு யூனிட் அளவில்தான். கடையில் ஜீரோ வாட் பல்பு என்று கேட்டால் இப்போது எல்இடிதான் எடுத்துக் கொடுப்பார்கள், அதில் சூடே வராது. இழை பல்பு வேண்டும் என்று அழுத்திச் சொல்ல வேண்டும். பல்பைச் சுற்றிக் கம்பி வலை போட்டு, எண்ணெய்த் துணி, தின்னர், ஸ்பிரே டின் எதுவும் அந்த அலமாரியில் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அலமாரிக் கதவில் மேலும் கீழும் சின்னத் துளைகள் இருப்பதும் நல்லது. வீட்டில் அம்மா இதைப் பார்த்துவிட்டு, சாமி விளக்கை விட இதற்குத்தான் கவனிப்பு அதிகம் என்று இன்றும் சொல்லிக் காட்டுவார்.

சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் சின்ன டப்பாவுக்கு நல்லவை. டிரில் பிட், உளி, இரும்பில் மரை வெட்டுகிற டேப் அண்ட் டை மாதிரி சாமான்களை ரப்பர் வளையம் வைத்த காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, நிறம் மாறுகிற சிலிக்கா ஜெல் ஒரு கைப்பிடி போட்டால் மழைக்காலம் தாண்டிவிடும். நிறம் மாறியதும் ஓவனில் 120 டிகிரியில் இரண்டு மணி நேரம் போல வைத்தால் மறுபடி உயிர் வரும். நீலத்திலிருந்து இளஞ்சிவப்பாக மாறும் வகையில் கோபால்ட் உப்பு இருக்கிறது, சமையல் ஓவன் பக்கம் அதைக் கொண்டுபோகாதீர்கள். ஆரஞ்சு நிற வகை வாங்குங்கள். இதையே பெரிய அலமாரிக்குச் செய்வது வீண். கதவைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் புது ஈரக் காற்று உள்ளே வரும், ஜெல் பாவம் என்ன செய்யும்?

துணி அலமாரியில் தொங்கவிடுகிற ஈரம் உறிஞ்சிப் பைகளை மட்டும் கருவிப் பக்கம் அண்டவே விடாதீர்கள். அதில் இருப்பது கால்சியம் குளோரைடு. ஈரத்தை நன்றாகவே இழுக்கும், ஆனால் இழுத்தது முழுக்க அடியில் உப்புத் தண்ணீராகச் சேரும். பை கிழிந்து அந்தத் தண்ணீர் இரும்பில் சொட்டினால் கடலில் முக்கி எடுத்ததற்குச் சமம். எங்கள் மாடிவீட்டுக்காரரின் தையல் மெஷினுக்கு நேர்ந்த கதி அது.

விசிஐ தாள் என்று ஒன்று கிடைக்கிறது. இயந்திரப் பாகங்களை ஏற்றுமதிக்குப் பொட்டலம் கட்டுகிறவர்கள் பயன்படுத்துவது. அதிலிருந்து மெல்ல வெளிவரும் ஆவி இரும்பின் மேல் படிந்து துருவைத் தடுக்கும். எண்ணெய் தேவையில்லை. என் வெர்னியர், மூலைமட்டம், நல்ல உளிகள் எல்லாம் அதில்தான் சுற்றிக் கிடக்கின்றன. திறந்து வைத்தால் ஆவி போய்விடும், சுற்றிப் பிளாஸ்டிக் பையில் போட வேண்டும். பரவாயில்லை என்பதற்கு மேலே, நன்று என்பதற்குப் பக்கத்தில் மதிப்பெண் போடலாம். பழைய ஆட்கள் பெட்டியில் கற்பூரம் போடுவார்கள். நானும் போட்டேன். வாசனை பிரமாதம், அதைத் தாண்டி எதுவும் தெரியவில்லை.

தோல் உறைகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பார்க்க அழகு, ஆனால் பதனிட்ட தோலில் அமிலமும் உப்பும் மிச்சம் இருக்கும், ஈரத்தையும் பிடித்து வைத்துக்கொள்ளும். கத்தியையோ உளியையோ மழைக்காலத்தில் அதற்குள் விட்டு வைத்தால் உறையின் வடிவத்திலேயே துரு வரும்.

ஏற்கெனவே பிடித்துவிட்ட துருவுக்கு நான் கைவசம் வைத்திருப்பது சிட்ரிக் அமிலம். மளிகைக் கடையில் நிம்பூ சத் என்றால் கொடுப்பார்கள். ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 கிராம், ஓர் இரவு. காலையில் வயர் பிரஷ், சமையல் சோடா கரைத்த தண்ணீரில் ஒரு முக்கு, துடைத்து ஹேர் டிரையரில் சூடாக்கி உடனே எண்ணெய். இந்தக் கடைசிப் படியில் டீ குடிக்கப் போனால் திரும்பி வருவதற்குள் புதுத் துரு இளம் மஞ்சளாகப் பூத்திருக்கும். ஸ்பிரிங், ரம்பத் தகடு மாதிரி கடினமான எஃகை அமிலத்தில் ரொம்ப நேரம் ஊறவிடக் கூடாது. ஹைட்ரஜன் உள்ளே ஏறி நொறுங்கும் தன்மை வந்துவிடும். வார்ப்பிரும்பு வைஸ் மாதிரி பெரிய சாமானுக்குச் சலவைச் சோடா கரைத்த தண்ணீரில் 12 வோல்ட் சார்ஜர் வைத்து மின்பகுப்பு செய்யலாம். கருவிக்கு மைனஸ், வேண்டாத இரும்புக் கம்பிக்குப் பிளஸ். கம்பிக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியை மாட்டிவிடாதீர்கள், விஷமான குரோமியம் கரைந்து வரும். ஹைட்ரஜன் வெளிவருவதால் மூடிய அறையிலும் வேண்டாம்.

மின்கருவிகளில் என்னிடம் இருப்பது இரண்டு டிரில். கம்பி உள்ள 13 மி.மீ. இம்பாக்ட் டிரில் மூத்தது. கார்பன் பிரஷ் தேய்ந்தபோது லோஹார் சால் கடைத்தெருவில் வாங்கி மாற்றியதைத் தவிர மோட்டாருக்கு எதுவும் செய்ததில்லை. அதன் பலவீனம் சக், அதாவது பிட்டைக் கவ்விப் பிடிக்கிற வாய். சுவரில் துளை போடும்போது கொட்டுகிற சிமெண்ட் தூள் தாடைகளுக்குள் போய், ஈரம் பட்டு இறுகிவிடும். மேல்நோக்கித் துளை போட்ட பிறகு சக்கைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டி, ஒரு சொட்டு எண்ணெய் விடுவது பழக்கமாகிவிட்டது. 12 வோல்ட் பேட்டரி டிரில்தான் தினசரி வேலைக்கு. மரம், தகடு, புதுக் கட்டடங்களின் சிபோரெக்ஸ் என்கிற எடை குறைந்த சிமெண்ட் கல் எல்லாவற்றிலும் வெண்ணெயில் இறங்குகிற மாதிரி இறங்கும். ஆனால் ஆர்சிசி பீமில் திரைச்சீலைக் கம்பிக்குத் துளை போட அதை நம்பாதீர்கள், பிட்டும் சூடாகும் நீங்களும் சூடாவீர்கள். அதற்கு எஸ்டிஎஸ் ஹாமர் டிரில்தான், வாடகைக்கு எடுத்தால் போதும். பேட்டரியை முழு சார்ஜில் மாதக்கணக்கில் வைக்காமல் பாதி சார்ஜில், பல்பு அலமாரிக்கு வெளியே வைக்கிறேன். சூடு அதற்கு ஆகாது.

கறுப்பு டிரில் பிட் துருப்பிடிக்காது என்று கடையில் சொல்வார்கள். அந்தக் கறுப்புப் பூச்சு எண்ணெயைப் பிடித்து வைக்கிற வரைதான் காப்பு, எண்ணெய் காய்ந்தால் இதுவும் மற்ற பிட் மாதிரிதான். விலை குறைந்த டிஜிட்டல் காலிப்பர் வாங்கியிருந்தால் வேலை முடிந்ததும் செல்லைக் கழற்றி வையுங்கள். ஆஃப் செய்தாலும் பலவற்றில் உள்ளே சர்க்யூட் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

தரைத்தளத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும்: முழங்கால் உயரத்துக்குக் கீழே மின்கருவி எதையும் வைக்காதீர்கள். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மி.மீ. பெய்த ஊர் இது.

சாமான் வாங்க நாக்தேவி தெரு. மஸ்ஜித் ஸ்டேஷனில் இறங்கி நடந்துவிடலாம். டேப், டை, அளவுக் கருவி, விசிஐ தாள் எல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். சில கடைகள் டஜன் கணக்கில்தான் கொடுக்கும், ஒன்று கேட்டால் முகம் சுளிப்பார்கள், அடுத்த கடைக்குப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் மூடியிருக்கும், சனிக்கிழமையே போய்விடுங்கள்.