பீடோர் பக்கம் குளிர் விற்கிறார்கள், ஜாக்கிரதை

மலேசியாவில் பேராக் மாநிலத்து பீடோர், தாப்பா, சுங்கை வட்டாரத்தில் மலை ஓட்டம் ஓடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு உங்கள் கூட்டாளிகளுக்கும் அனுப்பிவிடுங்கள். 'குளிர்கால அல்ட்ரா பயிற்சி' (அல்ட்ரா என்றால் மராத்தானை விட நீளமான ஓட்டம்) என்று சொல்லி ஒருவர் எங்கள் ஆறு பேரிடமும் தலைக்கு 2,400 வெள்ளி (ரிங்கிட்) வாங்கினார். புகார் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் இருப்பதால் பெயரைப் போடவில்லை. எப்படி விற்றார் என்பதைச் சொல்கிறேன். வேறு பெயரில் வந்தாலும் ஆளைக் கண்டுபிடித்துவிடுவீர்கள்.

நான் செம்பனை எண்ணெய் ஆலையில் லேப் வேலை பார்க்கிறேன். ஷிப்ட் முடிந்ததும் தோட்டத்து மண் ரோட்டில் ஓடுவேன். ஐந்தாறு வருடமாக இதுதான் பழக்கம். இந்த வருடம் ஹாங்காங்கில் ஜனவரியில் நடக்கும் 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்துக்கு எனக்கும், ஆலையில் ஃபிட்டர் வேலை செய்யும் தம்பிக்கும் இடம் கிடைத்தது. கூட ஓடும் மற்ற நாலு பேரும் அடுத்த வருடம் முயற்சி செய்யலாம் என்று எங்களோடு பயிற்சிக்குச் சேர்ந்துகொண்டார்கள்.

இடம் கிடைத்த சந்தோஷம் ஒரு நாள்தான். மறுநாளே பயம் வந்துவிட்டது. எங்கள் ஊரில் விடியற்காலை 23, 24 டிகிரி இருந்தாலே அம்மா காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொள்வார். ஹாங்காங் குளிர் எப்படி என்று தேடிப் பார்த்தேன். 2016 ஜனவரி 24 அன்று அங்கே 3.1 டிகிரி. 1957க்குப் பிறகு அவ்வளவு குளிர் அந்த ஊரில் பதிவானதில்லை. அந்தச் சனி, ஞாயிறில்தான் அந்த வருடத்துப் போட்டியும் நடந்தது. 957 மீட்டர் உயரமுள்ள தாய் மோ ஷான் மலையில் ரோடு முழுக்கப் பனிக்கட்டி படிந்து, இறங்க முடியாமல் மாட்டிக்கொண்டவர்களை மீட்புப் படை போய் இறக்கியது. நம்ம ஊர் கேமரன் மலையை விட உயரம் குறைந்த மலை அது. படித்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்தப் பயத்துக்குள்தான் அவர் வந்து உட்கார்ந்தார்.

ஒரு கோயில் திருவிழாவின் அன்னதான வரிசையில் அறிமுகம். காலில் நல்ல ஷூ, கையில் விலையுயர்ந்த கடிகாரம், வெளிநாட்டு மலைகளில் எடுத்த படங்கள். "ஹாங்காங்கா போற தங்கச்சி? அங்க உடம்பு இல்ல, குளிர்தான் ஆளத் தோற்கடிக்கும். குளிருக்குப் பழக்கிவிட நான் இருக்கேன்" என்றார். நம்ம ஆள், தமிழ் பேசுகிறார், கோயிலில் தொண்டு செய்கிறார். நான் வேறு எதையும் விசாரிக்கவில்லை. அவர் நடத்துவதாகச் சொன்ன நிறுவனத்தை, நிறுவனங்களைப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம். ஆணையத்தில் தேடியிருந்தால் பதிவே இல்லை என்று அன்றைக்கே தெரிந்திருக்கும். பணத்தையும் அவருடைய சொந்தக் கணக்குக்குத்தான் போடச் சொன்னார். அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

1,500 வெள்ளி பன்னிரண்டு வாரத் திட்டத்துக்கும் கேமரனில் மூன்று நாள் முகாமுக்கும். 650 வெள்ளி போட்டிக்குக் கட்டாயம் வேண்டிய மழை ஜாக்கெட்டுக்கு. 250 வெள்ளி காட்டு அனுமதிக்கும் மலை வழிகாட்டிக்கும். ரசீது கேட்டபோது வாட்ஸ்அப்பில் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினார்.

திட்டம் வந்தது. முதல் நாலு வாரம் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஐந்தாவது வாரத்தில் ஒரு வரி: பாதையில் பனி முழங்காலுக்கு மேல் இருந்தால் ஓட்டத்தை விட்டுவிட்டு பனிச்சறுக்கில் ஒன்றரை மணி நேரம் போகவும். ஏழாவது வாரத்தில், ஷூவுக்கு அடியில் இரும்பு முள் மாட்டிக்கொண்டு உறைந்த ஏரியைச் சுற்றி வரவும். பீடோரில்! கொய்யாத் தோட்டத்துக்கும் செம்பனைக்கும் நடுவில் உறைந்த ஏரியை எங்கே தேடுவது? ஃபிட்டர் தம்பி சிரித்துச் சிரித்து மோட்டாரிலிருந்து விழப் பார்த்தான். எங்கிருந்தோ அப்படியே எடுத்து, ஆறு பேருக்கும் ஒரே திட்டத்தைப் பெயர் மட்டும் மாற்றி அனுப்பியிருக்கிறார். கேட்டதற்கு, "பனியும் சேறும் ஒண்ணுதான் தங்கச்சி, சேத்துல ஓடு" என்றார். அப்போதும் நான் சரி அண்ணே என்றுதான் சொன்னேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அப்புறம் வந்தது குளிர்ப் பயிற்சி. அவருக்குத் தெரிந்த மீன் வியாபாரி ஒருவரின் குளிர் அறையில் எங்களை நிற்க வைத்தார். அரைக்கை பனியன், அரைக்கால் சட்டை, சுற்றிலும் கெம்போங் மீன் பெட்டிகள். இருபது நிமிடம். வெளியே வந்தபோது என் விரல்களால் தண்ணீர் போத்தல் மூடியைத் திறக்க முடியவில்லை. மூன்று நாளைக்குத் தலைமுடியில் மீன் வாடை. இப்படி இரண்டு முறை நின்றால் உடம்பு குளிருக்குப் பழகிவிடாது. ஓடும்போது குளிரைச் சமாளிக்க வைப்பது வேறு: நனையாமல் இருப்பது, காற்றைத் தடுப்பது, நடுங்க ஆரம்பிக்கும் முன்பே உடுத்துவது, தொடர்ந்து சாப்பிடுவது. நடுக்கமும் உடம்பிலுள்ள சர்க்கரையை எரிக்கிறது. ஓடவும் நடுங்கவும் ஒரே டாங்கிதான், அதனால் சீக்கிரம் காலியாகும். இதில் ஒரு வார்த்தைகூட அவர் சொல்லித் தரவில்லை.

அக்டோபர் கடைசியில் முகாம். 'உயர்மலைப் பயிற்சி, இரத்தத்தில் சிவப்பணு கூடும்' என்று விளம்பரம். தங்கிய இடம் தானா ராத்தா, சுமார் 1,440 மீட்டர். உயரத்தில் தங்கி இரத்தத்தை மாற்ற வேண்டுமானால் 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நாலு வாரமாவது இருக்க வேண்டும். இரண்டு இரவில் ஸ்ட்ராபெரிதான் சாப்பிட முடியும், சிவப்பணு கூடாது. மறுநாள் காலையில் காட்டுப் பாதைக்குக் கூட்டிப்போனார். நுழைவிடத்தில் அனுமதிச் சீட்டைக் கேட்டார்கள். அவரிடம் இல்லை. "சிஸ்டம் டவுன்" என்று மலாயில் ஏதோ சமாளித்துப் பார்த்தார். பதிவு பெற்ற மலை வழிகாட்டி எங்கே என்று கேட்டதும் வாயை மூடிக்கொண்டார். நிரந்தர வனக்காப்பகத்துக்குள் அனுமதி இல்லாமல் போனால் 1984ஆம் ஆண்டு தேசிய வனச் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். அந்த அதிகாரி எங்களைத் திருப்பி அனுப்பியதோடு விட்டது எங்கள் நல்ல காலம். ஆக, மலைப் பயிற்சி என்று நாங்கள் செய்தது, தேயிலைத் தோட்டம் வழியாக பிரிஞ்சாங் உச்சிக்குப் போகும் தார் ரோட்டில் சுற்றுலா வண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கி ஓடியதுதான்.

அங்கேதான் மழை பிடித்தது. பத்து நிமிடத்தில் தோள்பட்டை ஜில்லென்றது, இருபது நிமிடத்தில் முழங்கை வரை ஈரம். அறைக்கு வந்து 650 வெள்ளி ஜாக்கெட்டை உள்பக்கமாகத் திருப்பினேன். தையல் மேல் ஒட்டியிருக்க வேண்டிய பட்டையே இல்லை, வெறும் தையல். தையல் ஓட்டை வழியாகத் தண்ணீர் நூலைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. பெரிய ஓட்டங்களில் குறைந்தது 10,000 மில்லிமீட்டர் தாங்கும் துணி கேட்பார்கள். அதாவது பத்து மீட்டர் உயரத் தண்ணீர் மேலே நின்றாலும் கசியாத துணி. கூடவே தலைமூடி, பட்டை ஒட்டிய தையல். எங்கள் ஜாக்கெட் சீட்டில் 20,000 என்று அச்சடித்திருந்தது. அதே படம், அதே ஜிப், ஷோப்பி இணையக் கடையில் 58 வெள்ளி.

எனக்குக் கோபம் வந்தது இந்த இடத்தில்தான். திட்டம் காப்பியடித்தது, சிரித்துவிட்டுப் போகலாம். மீன் அறை, அதுவும் போகட்டும். ஜாக்கெட் அப்படி இல்லை. 2021 மே மாதம் சீனாவின் கான்சு மாநிலத்தில் ஒரு 100 கிலோமீட்டர் மலை ஓட்டத்தில் திடீரென்று காற்றும் ஆலங்கட்டி மழையும் அடித்து 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். நன்றாக ஓடத் தெரிந்தவர்கள் அவர்கள். கோச் என்று சொல்லிக்கொள்பவருக்கு இது தெரியாமல் இருக்காது. தெரிந்தே, மீன் பிடிக்கப் போகிறவன்கூடப் போடாத துணியைக் கொடுத்து ஜனவரியில் ஹாங்காங் மலைக்கு அனுப்பப் பார்த்தார்.

ஜாக்கெட் வாங்குகிறவர்கள் வீட்டிலேயே சோதித்துவிடலாம். உள்ளே சட்டைப் பையில் டிஷ்யூ வைத்துப் போட்டுக்கொண்டு ஷவருக்கு அடியில் பத்து நிமிடம் நில்லுங்கள். தோளிலும் அக்குளிலும் டிஷ்யூவை ஒற்றிப் பாருங்கள். நான் இதை வாங்கிய அன்றே செய்திருக்கலாம்.

பணம் திருப்பிக் கேட்டோம். "தீபாவளி முடியட்டும் தங்கச்சி" என்றார். தீபாவளி முடிந்தது. நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. பிறகு குழுவையே கலைத்துவிட்டார். நல்லவேளையாக ஃபிட்டர் தம்பி அதற்கு முன்பே எல்லா உரையாடலையும் படம் எடுத்து வைத்திருந்தான். போலீஸ் புகார் கொடுத்தோம். மலேசியப் பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் ஆளுக்கொரு மனு போட்டோம். கட்டணம் 5 வெள்ளிதான், வக்கீல் வேண்டாம், 50,000 வெள்ளி வரை கேட்கலாம். ஏமாற்றுக்காரர் கணக்குக்கு இப்போதுதான் பணம் போட்டீர்கள் என்றால் உடனே மோசடிப் புகார் எண் 997க்கு அடியுங்கள். எங்களுக்கு அந்த நேரம் தாண்டிவிட்டது. பணம் போடும் முன்பே மோசடிக் கணக்குகளைப் பார்க்க உதவும் போலீஸின் செமாக் மியூல் தளத்தில் கணக்கு எண்ணைத் தட்டிப் பார்ப்பதும் நல்லது. ஆனால் அங்கே ஒன்றும் வராவிட்டால் ஆள் யோக்கியன் என்று முடிவு கட்டாதீர்கள். இவர் எண்ணையும் தட்டினோம், சுத்தமாகத்தான் இருந்தது.

பயிற்சியை விடவில்லை. தோட்டத்தில் தண்ணீர் டாங்கி இருக்கும் மேட்டில் ஏறி இறங்குகிறோம், ஒரு காலைக்குப் பன்னிரண்டு முறை. இறக்கத்தில்தான் தொடை உடைகிறது, அதனால் இறங்குவதற்குத்தான் அதிக நேரம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தொடர்ந்து நீள ஓட்டம். நவம்பர் சாயங்கால மழை காசில்லாமல் கிடைக்கிறது. நனைந்தபடியே உடை மாற்றவும், விறைத்த கையால் பையைத் திறக்கவும் அதில் பழகுகிறோம். காட்டுப் பாதைக்கு வனத்துறையில் அனுமதி எடுத்து, பதிவு பெற்ற வழிகாட்டியோடு ஒரு முறை போய் வந்தோம். ஆறு பேர் பங்கு போட்டதில் தலைக்கு வந்த செலவு அவர் வாங்கிய 250இல் பாதிகூட இல்லை.

விசாரணை அடுத்த மாதம். ஜாக்கெட்டை அங்கே காட்ட வேண்டும் என்பதால் சேறு காய்ந்தபடியே பிளாஸ்டிக் பையில் கட்டி அலமாரி மேல் வைத்திருக்கிறேன். அம்மா இதுவரை இரண்டு முறை அதைத் துவைக்க எடுத்துவிட்டார்.